ஏலக்காய் ஸ்டோரில் வைத்த பேக்கப்

போன மாதம் எங்கள் போடி கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து விழுந்தது. யார் வீட்டுக் கல்யாணம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் மூன்று பேர் அதைத் தட்டித் திறந்தார்கள். மூன்று பேரும் ஊருக்கெல்லாம் "தெரியாத ஃபைலைத் திறக்காதீங்க" என்று சொல்லிப் பிழைப்பவர்கள். அரை மணி நேரத்தில் அவர்கள் போனிலிருந்து மாமனார், மச்சான், பால்காரர் என்று சகலருக்கும் அதே பத்திரிகை தானாகப் போய்ச் சேர்ந்தது. நான் தட்டவில்லை. பெரிய விவேகம் ஒன்றும் இல்லை, அந்த நேரம் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை குழுவை நடத்தும் குமரேசன் போன் செய்தார்.

"அண்ணே, இருபத்திரண்டு வருசம் வீடு வீடாப் போயி வைரஸு எடுத்த ஆளு நீங்க. பதறாம எப்படிச் சோலி பாக்குறதுன்னு எங்களுக்கு எழுதிக் குடுங்கண்ணே."

பதறாமல் இருப்பது எப்படி என்று என்னைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். என் மனைவி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள். கழுத்து எலும்பு தேய்ந்து, போன வருடம் வேலையை விட்ட எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பதறாத கதை என்னிடம் கிடையாது. பதறிய கதைகளை எழுதுகிறேன், தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ், மதுரையில் ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ், பிறகு போடியில் சேவியர் சார் கடை. என் பயிற்சிக்காலம் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். கடையில் சேர்ந்த மூன்றாம் வாரம் என்னைத் தனியாக ராசிங்காபுரத்துக்கு அனுப்பினார்கள். ஒரு விவசாயி வீடு. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று புகார். வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது திரை சட்டென்று இருண்டு, உள்ளிருந்து நட்சத்திரங்கள் என்னை நோக்கிப் பாய்ந்து வந்தன. "வைரஸ்!" என்று கத்தியபடி பாய்ந்து போய் மின்சார வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் பிளக் பாயிண்டும் சுவரை விட்டுக் கையோடு வந்தது.

வீட்டுக்காரர் அமைதியாகச் சொன்னார்: "அது ஸ்க்ரீன் சேவரு தம்பி. மெசின அஞ்சு நிமிசம் தொடலைன்னா வரும். எம் மருமகப்புள்ள வச்சது."

சிலமலையில் இன்னொருவர். ஒரே கம்ப்யூட்டரில் நான்கு ஆன்டிவைரஸ் போட்டு வைத்திருந்தார். நான்கும் ஒன்றை ஒன்று திருடன் என்று சந்தேகப்பட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்ததில், காலையில் போட்ட மெஷின் மதியம்தான் கண் விழிக்கும். "நாலு காவக்காரன் இருந்தா நல்லதுதானப்பு?" என்று கேட்டார். மூன்றைக் கழற்றிய பிறகு மெஷின் ஓடியது. ஆனால் அவருக்குத் தூக்கம் போய்விட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இனி சேவியர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஏலக்காய், மிளகு வியாபாரம். இவர் ஒருவர்தான் வாசமில்லாத சரக்கை விற்கப் போனவர். வெள்ளைச் சட்டை. மடியில் மடித்த கைக்குட்டை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, கடைக்கு மழைத்தண்ணீர் புகுந்த அன்றுகூட "செருப்பைக் கழட்டிருங்க" என்றுதான் சொன்னார்.

வீட்டு சர்வீஸுக்குப் போகிறவர்களுக்கு அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டீ கொடுப்பார்கள். அந்தத் தம்ளர் காலியாகும் வரை கை மெஷின் மேல் போகக் கூடாது. உட்கார்ந்து குடிக்க வேண்டும். குடித்துக்கொண்டே நான்கு கேள்வி கேட்க வேண்டும். கடைசியாக என்ன செய்தீர்கள்? எதைச் செருகினீர்கள்? பேக்கப் எங்கே? அந்த பேக்கப்புக்கு இன்னொரு பேக்கப் எங்கே? நான்காவது கேள்விக்கு வீட்டுக்காரர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையிலேயே பதில் தெரிந்துவிடும்.

"சூடான தம்ளரைப் பிடிச்சிருக்கிற கை எதையும் அழிக்காதுய்யா" என்பார். இதற்கு ஒரு துணை விதியும் உண்டு: நாம் எதையாவது கெடுத்துவிட்டால், அதை அந்த வீட்டில் அடுத்த டீ குடிக்கும் முன் சொல்லிவிட வேண்டும். டீக்குப் பிறகு சொல்லக் கூச்சமாகிவிடும், பிறகு சொல்லவே மாட்டோம் என்பது அவர் கணக்கு.

இருபத்திரண்டு வருடத்தில் நான் குடித்த டீக்கு அளவில்லை. குடிக்காமல் விட்டது ஒரே ஒரு தம்ளர். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஏழெட்டு வருடம் இருக்கும். மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலுச்சாமி என்று ஒருவர். பறித்த பச்சைக் காயைச் சூடு கொடுத்து உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அவர் அந்த ஸ்டோரின் மேற்பார்வைக்காரர். சூடு கூடினால் காய் கருகும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று நாள் முழுக்க ஆட்களிடம் சத்தம் போடுவது அவர் வேலை. அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

அவர் மகள் கவிதா போடியில் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த பெண். ஆபரேசனுக்கு முன்னால் நான்கு நாள் அப்பாவை உட்கார வைத்து, அவர் அன்றாடம் பேசுகிற வாக்கியங்களை அவர் குரலிலேயே பதிவு செய்துவிட்டாள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. பிறகு திரையில் கட்டம் கட்டமாக வைத்து, எந்தக் கட்டத்தைத் தட்டினால் எந்த வாக்கியம் பேசும் என்று அமைத்துக் கொடுத்தாள். "தண்ணி கொண்டா." "கரண்டு எப்ப வரும்?" "ஏ முருகாயி!" முருகாயி அவர் மனைவி. பாதிக்கு மேல் வீட்டுப் பேச்சே கிடையாது, ஸ்டோர்ப் பேச்சு. "இனி வேலைக்குப் போகப் போறதில்ல, அது எதுக்குப்பா?" என்று மகள் கேட்டதற்கு, "வேற என்ன பேசத் தெரியும் எனக்கு?" என்றாராம்.

அந்த மெஷினை நிறுவிக் கொடுத்தவன் நான். ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்க வைத்து, எல்லாவற்றையும் அதில் பேக்கப் எடுத்து, "இதை மெஷினோடயே செருகி வைக்காதீங்க, வீட்டுக்குள்ளயும் வைக்காதீங்க, வேற கட்டடத்துல வைங்க, ஈரம் மட்டும் படக் கூடாது" என்று சேவியர் சார் குரலில் உபதேசமும் செய்துவிட்டு இறங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை கவிதா போன் செய்தாள்.

"அண்ணே, எந்தக் கட்டத்தத் தட்டுனாலும் பேச மாட்டேங்குது. செவப்பா ஒரு நோட்டீசு வந்து நிக்குது. காசு கட்டுனாத்தான் தொறப்பேங்குது. அப்பா மூணு மணி நேரமாத் தட்டிக்கிட்டே இருக்காருண்ணே."

ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே போனேன். வழக்கமாக என்னை ஆட்டுவது ஜீப்பின் வேலை. அன்று ஜீப்புக்கு நான் உதவி செய்தேன்.

வீட்டில் வேலுச்சாமி திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணி கட்டியிருந்தது. என்னைப் பார்த்து எழுந்து, கையால் திரையைக் காட்டி, பிறகு தன் கழுத்தைக் காட்டினார். திரையில் சிவப்பு நோட்டீஸ். கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடிகாரம்தான் என்னைக் கெடுத்தது. அது அவர்களைப் பயமுறுத்துவதற்காக வைத்தது. ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் ஒருவன்தான் பயந்தேன்.

முருகாயி அம்மா ஏலக்காய் தட்டிப் போட்ட கட்டஞ்சாயாவைக் கொண்டுவந்து நீட்டினார். மலையில் பால் சேர்க்காத டீக்கு அதுதான் பெயர்.

"குடிங்க அப்பு, மலையேறி வந்திருக்கீங்க."

"அங்க வைங்கம்மா, நேரமில்ல" என்றேன். இந்தக் கட்டுரையில் இளைஞர்கள் அடிக்கோடிட வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் அது இதுதான்.

கேள்விகளை நின்றுகொண்டே கேட்டேன். நடந்தது இது: சத்தத்தைத் தெளிவாக்கும் ஒரு மென்பொருளைப் பக்கத்து எஸ்டேட் பையன் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். காசில்லாமல் கிடைத்த களவுப் பதிப்பு. அது ஏறும்போது, ஆன்டிவைரஸை நிறுத்து என்று கேட்டிருக்கிறது.

"நிறுத்துனியா?"

"நிறுத்தச் சொல்லுச்சு, நிறுத்துனேண்ணே."

"வந்தவன் நாயக் கட்டுன்னு சொன்னா, கட்டிட்டு உள்ள விடுவியா ஆத்தா?"

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவு நன்றாகப் பேசியவன் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்தான் என்று பாருங்கள்.

"பேக்கப் எங்க?" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "பத்திரமா இருக்குண்ணே! நீங்க சொன்ன மாதிரியே வேற கட்டடத்துல, ஈரமே படாத எடத்துல." ஓடிப்போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். திறந்ததும் ஏலக்காய் வாசம் வீட்டை நிறைத்தது. உள்ளே காய்ந்த காய்க்கு நடுவில் ஹார்டு டிஸ்க், அடைகாத்த முட்டை போல வெதுவெதுப்பாக இருந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரில், சூட்டுக் குழாய்க்குப் பக்கத்து அலமாரியில், இரண்டு வருடமாக வைத்திருக்கிறார்கள். மலை முழுக்கத் தேடினாலும் ஈரம் படாத இடம் அது ஒன்றுதான். தப்பு சொல்ல முடியாது. ஈரத்தைச் சொன்ன நான் சூட்டைச் சொல்லவில்லை.

டிஸ்க் வெந்திருக்குமோ என்ற பயம் உச்சந்தலைக்கு ஏறியது. இருக்கிறதா இல்லையா, உடனே தெரிந்தாக வேண்டும். கையில் தம்ளர் இல்லை. அந்தக் கை என்ன செய்தது என்றால், இருந்த ஒரே நல்ல பேக்கப்பைக் கொண்டுபோய், வைரஸ் இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்த அதே மெஷினில் செருகியது.

டிஸ்க் வேலை செய்தது. முதல் ஃபோல்டரைத் திறந்தேன். வேலுச்சாமி ஸ்டோரில் எடுத்த படங்கள் வரிசையாக நின்றன. "இருக்கு தாயி, எல்லாம் இருக்கு!" என்று நான் சொல்லி முடிக்கும்போது முதல் படத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு வால் முளைத்தது. பிறகு இரண்டாவதுக்கு. பிறகு பத்து பத்தாக. என் கண் முன்னால் அந்த டிஸ்க்கைப் பூட்டிக்கொண்டே வந்தது வைரஸ். அதுவும் என் பார்வையைப் போலவே மேலிருந்து கீழே வரிசைப்படி. ஒழுங்கான வைரஸ்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்தது: முதலில் வாயைத் திறந்து உறைந்து நின்றேன். பிறகு மௌஸை எடுத்துத் திரையில் தட்டினேன். அதன் பிறகுதான் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கியவன் நிற்கவில்லை. டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வயர் வால் மாதிரித் தொங்க, வாசலைத் தாண்டி ஏலச் செடிகளுக்குள் ஓடினேன். வைரஸ் பின்னால் துரத்தி வருகிறது என்று என் கால்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. துரத்தி வந்தது தோட்டத்து நாய்.

செடிகளுக்கு நடுவில் நின்று சேவியர் சாருக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"டீ குடிச்சியா?" என்றார்.

"இல்ல சார்."

"மெசின் இன்னும் ஓடுதா?"

"ஓடுது சார்."

"போயி நிறுத்து. நெட்டு வயரைக் கழட்டு. டிஸ்க்க எதுலயும் செருகாத. ரெண்டையும் எடுத்துக்கிட்டு இறங்கி வா." பிறகு, "நாய் கடிச்சுதா?" என்றார்.

"இல்ல சார்."

"சரி."

ஜீப்பில் டிஸ்க்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தேன். டிரைவர் இரண்டு வளைவு பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, கோழிக்குஞ்சா?" என்றார். அந்தக் குஞ்சுக்குள் ஒரு மனிதரின் குரல் இருந்தது. எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது.

கடையில் சேவியர் சார் மேஜையைத் துடைத்து, கைக்குட்டையை விரித்து, அதன் மேல் டிஸ்க்கை வைத்தார். முகர்ந்தார். "நல்ல காய்" என்றார். என்னை எதிரில் உட்கார வைத்தார். டீ சொன்னார். நான் குடித்து முடிக்கும் வரை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் செய்தது ஒவ்வொன்றும், செய்த வரிசையில், 'ஓடினான்' உட்பட.

டிஸ்க்கைப் படிக்க அவர் பயன்படுத்திய மெஷின் ஒரு பழையது. அதற்குள் ஹார்டு டிஸ்க்கே கிடையாது, இணையமும் கிடையாது. ஒரு சி.டி.யிலிருந்துதான் உயிர் பெறும். வைரஸுக்குத் தெரிந்த விண்டோஸும் அதில் கிடையாது. அதில் எங்கள் டிஸ்க்கை, படிக்கலாம், ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது என்ற நிபந்தனையில் இணைத்தார். அசலைத் தொடாமல், இருந்தது இருந்தபடி இன்னொரு டிஸ்க்குக்கு முழுவதையும் நகல் எடுத்தார். அதற்கு மூன்று மணி நேரம் ஆனது. அவர் வேறு வேலை பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு டிஸ்க்கின் விளக்கு மினுங்குவதைப் பார்த்தேன்.

பிறகு நகலைத் திறந்தோம். முதல் ஃபோல்டரில் வேலுச்சாமி காய் வாங்குகிறவர்களுக்கு அனுப்ப எடுத்த படங்கள் இருந்தன. ஒவ்வொரு முறை உலர்த்தியதையும் தட்டில் பரப்பி எடுத்த பச்சைக் காய்ப் படங்கள் ஆயிரக்கணக்கில். வைரஸ் அவற்றை முழுவதும் விழுங்கி முடித்து, குரல் ஃபோல்டருக்குள் அப்போதுதான் கால் வைத்திருந்தது. இருநூற்றுப் பதினான்கில் பதினொன்று பூட்டப்பட்டிருந்தன. மீதி இருநூற்று மூன்றும் பேசின.

"வயரைப் பிடுங்குனது ஒண்ணுதான் நீ இன்னைக்குச் சரியாச் செஞ்சது" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பதினொண்ணு யாரால போச்சுன்னு நீயே போயிச் சொல்லணும். எப்பச் சொல்லணும்னு தெரியும்ல?"

தெரியும்.

மெஷினை அடியோடு துடைத்து, புதிதாக விண்டோஸ் ஏற்றி, குரல்களை வைத்து, மூன்றாம் நாள் மலையேறினேன். முருகாயி அம்மா டீ போட அடுப்படிக்குப் போனார், மற்றவர்கள் மெஷினைச் சுற்றி நின்றார்கள். நான் மழையைப் பற்றிப் பேசினேன். ஏலக்காய் விளைச்சலைப் பற்றிப் பேசினேன். நாயின் உடல்நலம் விசாரித்தேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வேலுச்சாமி ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே வந்தார். "தண்ணி கொண்டா" என்றது மெஷின். ஸ்டோரில் இரைந்து இரைந்து தடித்த குரல். அவர் கண்ணை மூடிக் கேட்டார். அடுத்தது. அடுத்தது. பிறகு ஒரு கட்டத்தைத் தட்டினார். சத்தமில்லை. இன்னொரு முறை தட்டினார். மூன்றாம் முறை தட்டிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அது "ஏ முருகாயி" இருந்த கட்டம்.

"வைரஸு தின்னுருச்சா அண்ணே?" என்றாள் கவிதா.

ஆமாம் என்று சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. சொன்னால் பொய்கூட இல்லை. அடுப்படியிலிருந்து ஏலக்காய் தட்டும் சத்தம் வந்தது.

"வைரஸு தின்னுச்சு தாயி. தட்டுல வச்சுக் குடுத்தது நான்" என்றேன். டிஸ்க்கைச் செருகியதையும், அது ஏன் தப்பு என்பதையும், பதினொரு வாக்கியம் போனதையும் சொன்னேன். "செருகாம இருந்திருந்தா ஒண்ணுகூடப் போயிருக்காது."

கவிதா என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு டிஸ்க்கத் தூக்கிட்டு ஓடுனீங்களே, அப்படி ஓடுறதுதான் மொறையாக்கும்னு நெனச்சேண்ணே."

முருகாயி அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அதுக்கென்ன இப்ப. கையத் தட்டுனா வந்துட்டுப் போறேன்" என்று சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார், உள்ளே போகவில்லை.

வேலுச்சாமி என்னை வெகுநேரம் பார்த்தார். நானும் ஏலத்தோட்டத்துக்குள் ஓடத் தோதான வழியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு அவர் திரைப் பக்கம் திரும்பி, ஸ்டோர்ப் பேச்சு இருந்த வரிசைகளில் விரலால் தேடினார். மேலிருந்து கீழே, பொறுமையாக. ஒரு கட்டத்தில் விரல் நின்றது. தட்டினார்.

அறை அதிர அவர் குரல் கேட்டது:

"கருக்கிட்டியாடா? சாரமில்ல. மிச்சத்தக் கெளறு, வெரசா!"

சாரமில்ல என்றால் மலையாளத்தில் பரவாயில்லை. ஸ்டோரில் சூட்டைக் கவனிக்காமல் காயைக் கருக்கிய ஆட்களிடம் பல வருடம் சொன்ன வாக்கியம்.

மிச்சத்தை வெரசாகவே கவனித்தேன். மீதி இருநூற்று மூன்றுக்கும் மூன்று பேக்கப் எடுத்தேன். ஒன்று போடியில் கவிதாவின் அத்தை வீட்டில், ஒன்று சேவியர் சாரின் இரும்பு பீரோவில், ஒன்று அவர்கள் வீட்டில், சூடும் ஈரமும் இல்லாத அரிசி டிரம்முக்கு மேல். பூட்டிக் கிடக்கும் பதினொன்றையும் அவர்களிடம் கேட்டு ஒரு பென் டிரைவில் வாங்கி வைத்திருக்கிறேன். சில வைரஸ்களுக்கு வருடங்கள் கழித்துச் சாவி வெளியே வருவதுண்டு. மாதம் ஒரு முறை தேடிப் பார்க்கிறேன். இதுவரை இல்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு செய்தது. அந்தக் குரல் ஓய்ந்ததும் முதலில் வந்தது கட்டஞ்சாயா. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, அடியில் கிடந்த ஏலக்காய்த் தோல் வரைக்கும் குடித்தேன்.